முதலில் அறை, அப்புறம் மைக்

நிறுவனத்துக்கென்று ஒரு போட்காஸ்ட் தொடங்கலாம் என்று முடிவானதும் எழும் முதல் கேள்வி, "எந்த மைக் வாங்கலாம்?" என்பதுதான். சில நாளில் விலை உயர்ந்த மைக் ஒன்று வந்து, கண்ணாடிச் சுவர் வைத்த மீட்டிங் ஹாலில் மேசை நடுவே உட்கார்ந்துவிடும். பதிவைப் போட்டுக் கேட்டால், பேசுபவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். மைக் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. குரலோடு அறையையும் சேர்த்துப் பதிந்திருக்கிறது.

அறை ஒலியை என்ன செய்கிறது என்பதை முறையாக அளந்து கணக்காக்கியவர் வாலஸ் சபின். 1895-ல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. வாயிலிருந்து வந்த சொல் ஐந்தரை வினாடி வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதன் மேல் அடுத்தடுத்த சொற்கள் வந்து விழும். இதைச் சரிசெய்யும் பொறுப்பு இளம் இயற்பியல் ஆசிரியரான சபினிடம் வந்தது. ஊர் அடங்கிய பின் உதவியாளர்களோடு சேர்ந்து, அதே பல்கலைக்கழகத்தின் சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து கூடத்தில் பரப்புவார். ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, அந்த ஒலி காதுக்கு எட்டாமல் மறையும்வரை நேரம் குறிப்பார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போயாக வேண்டும். மெத்தைகள் கூடக் கூட முழக்கம் குறைந்தது. அந்த இரவுகளிலிருந்து பிறந்ததுதான் எதிர்முழக்கக் கணக்கு: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறைக்குள் ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். ஒலி 60 டெசிபல் தணிய எத்தனை வினாடி ஆகும் என்பது கிடைத்துவிடும். 1900-ல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி ஹால் இந்த அறிவை வைத்துக் கட்டப்பட்டது.

நம் மீட்டிங் ஹாலுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். நீளம் 6 மீட்டர், அகலம் 4, உயரம் 3 என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 72 கன மீட்டர்; சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 108 சதுர மீட்டர். கண்ணாடியும் டைல்ஸும் நிறைந்த அறை, தன்மேல் படும் ஒலியில் பத்தில் ஒரு பங்கை மட்டும் உறிஞ்சினால், எதிர்முழக்கம் ஒரு வினாடியைத் தாண்டும். அதைப் பாதியாக்க இன்னும் சுமார் 11 சதுர மீட்டர் முழு உறிஞ்சு பரப்பு வேண்டும். நான்கைந்து ஃபோம் துண்டுகளைச் சுவரில் ஒட்டிவிட்டு ஸ்டுடியோ தயார் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. எந்த அறையிலும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில், வாயிலிருந்து நேரே வரும் ஒலியும் சுவர்களில் பட்டுத் திரும்பும் முழக்கமும் சம அளவில் இருக்கும். எல்லாத் திசையிலும் கேட்கும் மைக்குக்கு, மேலே சொன்ன அறையில் அந்தத் தூரம் ஏறத்தாழ 47 சென்டிமீட்டர். மேசை நடுவில், ஒரு மீட்டர் தள்ளி மைக்கை வைத்தால் அறையின் முழக்கம் குரலைப் போல நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் குரல் முழக்கத்தைவிட 20 மடங்குக்கு மேல் ஓங்கி நிற்கும். ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கும் இந்த மாற்றத்தை எவ்வளவு விலை உயர்ந்த மைக்கும் தூரத்தில் இருந்துகொண்டு தர முடியாது.

ஆகவே, இடம் தேடும்போது அழகான ஹாலை விட்டுவிட்டு, கோப்புகளும் அட்டைப் பெட்டிகளும் அடைந்த சின்ன ஸ்டோர் ரூமைப் பாருங்கள். தடித்த திரைச்சீலை, தரை விரிப்பு, துணி சோபா எல்லாம் உதவும். பதிவு நேரத்தில் ஏசியை அணைத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? எரின் நியூமன், நோர்பர்ட் ஷ்வார்ஸ் இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பேச்சை நல்ல ஒலித் தரத்திலும் மோசமான தரத்திலும் கேட்கவைத்தார்கள். ஒலி மோசமாக இருந்தபோது, பேசிய ஆய்வாளரையும் அவருடைய ஆய்வையும் கேட்டவர்கள் குறைவாக மதிப்பிட்டார்கள். இருபது வருடம் இயந்திரத்தோடு பழகிய ஒரு ஃபோர்மேன் தன் அனுபவத்தைச் சொல்ல வரும்போது, அறையின் குறை அவர் தலையில் விழக் கூடாது.

இனி மைக். டைனமிக் வகையில், குரலின் அதிர்வு காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச்சுருளை அசைத்து மின்சாரம் உண்டாக்குகிறது. கண்டென்சர் வகையில் மெல்லிய தகடு ஒன்று மின்தேக்கியின் ஒரு பக்கமாக அதிர்கிறது. பெரும்பாலும் அதற்கு 48 வோல்ட் மின்னழுத்தம் தர வேண்டும். டைனமிக் மைக் அறை இரைச்சலைத் தானாக ஒதுக்கிவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வது பாதி உண்மை. அதை வாய்க்கு அருகில் வைத்துப் பேசுகிறோம், அது முன்பக்கத்தையே அதிகம் கேட்கிறது. பலன் பெரும்பாலும் இந்த இரண்டால் வருவது. ஆனாலும் அலுவலகத்துக்கு அதையே பரிந்துரைப்பேன், கிட்டே வந்து பேசும் பழக்கத்தை அது கட்டாயமாக்குகிறது என்பதால். 1966-ல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் போதுமானது. யூடியூபில் எங்கும் தென்படும் எஸ்எம்7பி வாங்கினால், அதன் மெல்லிய மின்குறிப்பைச் சுமார் 60 டெசிபல் உயர்த்தி, கணினியோடு இணைக்கும் தரமான இன்டர்ஃபேஸும் வாங்க வேண்டியிருக்கும். பகரச் சொற்கள் மைக்கில் வெடிக்காமலிருக்க, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்து வையுங்கள்.

ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு டிராக். ஒருவர் இருமினால் இன்னொருவர் பேச்சை வெட்டாமல் அதை மட்டும் நீக்கலாம். வெளியூர் விருந்தினர் என்றால், இணைய அழைப்பில் வந்துசேரும் ஒலியை நம்ப வேண்டாம். அவர் பக்கத்திலேயே அவர் கைபேசியில் தனியாகப் பதிந்து கோப்பை அனுப்பச் சொல்லிப் பிறகு இணைப்பதே மேல்.

எடிட்டிங்குக்கு, 1999-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆடாசிட்டி இலவசமாகவே கிடைக்கிறது. ஏசியின் சீரான இரைச்சலை மென்பொருள் ஓரளவு நீக்கிவிடும். முழக்கத்தை நீக்குவது கடினம், ஏனென்றால் அது தாமதமாகத் திரும்பி வந்த அதே குரல்.

கடைசி வேலை ஒலியளவு. ஆப்பிள் தன் போட்காஸ்ட் தளத்துக்குப் பரிந்துரைப்பது மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ். இது காது உணரும் உரப்பை ஒட்டி அமைந்த அளவு. ஆடாசிட்டியிலேயே இதற்கான வசதி உண்டு. பேச்சு மட்டுமே உள்ள நிகழ்ச்சியை மோனோவில், நொடிக்கு 64 கிலோபிட் எம்பி3-ஆக ஏற்றினால் ஒரு மணி நேரம் 29 மெகாபைட்டுக்குள் அடங்கும். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் போகிறவர் தன் சொந்த டேட்டாவில்தான் அதைக் கேட்கப்போகிறார்.