செத்த காலேஜில் பேச்சுக் குரல்

1874-ஆம் ஆண்டு மங்களூர்ப் பக்கத்துக் கடற்கரையில் ஒரு பெரிய திமிங்கிலம் ஒதுங்கியது. அதன் எலும்புக்கூடு சென்னைக்கு வந்து சேர்ந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பெருமைகளில் அது ஒன்று. அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து போனது. நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் உதவியாளராகப் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, அது என்ன, ஏன் நடக்கிறது என்று சாதாரண மக்களுக்குப் புரியும்படி ஒரு சிறுநூல் எழுதினார். அது இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளிவந்தது. வானத்துக்கு அப்படி ஒருவர் அன்றே கிடைத்துவிட்டார். திமிங்கிலத்தின் பக்கத்தில் நின்று எடுத்துச் சொல்ல ஆள் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று.

இன்று இரண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள். சம்பளம் இல்லை, பதவி இல்லை, கழுத்தில் அடையாள அட்டைகூடப் பல நேரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தெருப் பிள்ளைகளை எழும்பூருக்கு அழைத்துப் போகிறார்கள். மாலையில் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்க வளாகத்திலோ பெசன்ட் நகர்க் கடற்கரையிலோ தொலைநோக்கியை நிறுத்திக்கொண்டு, போகிற வருகிறவர்களை அழைத்துக் காட்டுகிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

எழும்பூர் அருங்காட்சியகம் தொடங்கியதே பிறர் கொடுத்த பொருள்களால்தான். சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த 1,100 பாறை, கனிம மாதிரிகளை வைத்து 1851-இல் கல்லூரிச் சாலையில் அது பிறந்தது. பொறுப்பேற்ற எட்வர்ட் பால்ஃபர் ஒரு ராணுவ மருத்துவர். 1854-இல் எழும்பூர் பாந்தியன் கட்டடத்துக்குக் குடிபோன பிறகு அவர் ஒரு புலியையும் சிறுத்தையையும் கொண்டுவந்து வைத்தார். ஊரே திரண்டு பார்க்க வந்தது. கர்நாடக நவாபைப் பேசிச் சம்மதிக்க வைத்து, அவர் வளர்த்த விலங்குகளையும் வாங்கிக்கொண்டார். அப்படித்தான் சென்னையின் விலங்குக் காட்சிச்சாலை உருவாகி, பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-இல் வண்டலூரை அடைந்தது. அதை உயிர் காலேஜ் என்றும் எழும்பூரைச் செத்த காலேஜ் என்றும் எங்கள் பாட்டி காலத்து ஜனங்கள் சொல்வார்கள்.

பால்ஃபருக்குப் பின் வந்தவர்கள் பெரிய படிப்பாளிகள். எட்கர் தர்ஸ்டன் வந்தார். எஃப்.எச்.கிரேவ்லி வந்தார், அவர் காலத்தில் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் அலையோரத்தில் வாழும் உயிர்களை ஆராய்ந்து 1927-இல் அருங்காட்சியகம் வெளியிட்ட தொகுதி கடல் உயிரியல் படிப்பவர்களுக்கு இன்றும் தேவைப்படுகிறது. அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த அறிவெல்லாம் ஆங்கிலத்தில், ஆய்வுத் தொகுதிகளில், உள்ளறைகளில் சேர்ந்தது. வெளியே கூடத்தில் ஜனங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதைப் பார்த்தபடி நடந்துகொண்டே இருந்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பள்ளிச் சுற்றுலாவாக நாங்கள் போனதும் அப்படித்தான். இரண்டு இரண்டு பேராகக் கை கோத்துக்கொள்ள வேண்டும். பேசக் கூடாது, கண்ணாடியில் கை வைக்கக் கூடாது, நிற்கக் கூடாது. பாடம் செய்த பறவைகள், ஃபார்மலின் சீசாக்களில் வெளிறிப்போன பாம்புகள், லத்தீன் பெயர் எழுதிய சிறு அட்டைகள். எங்கள் ஆசிரியை பாவம், எண்ணிக்கை குறையாமல் எங்களைப் பேருந்தில் ஏற்றுவதிலேயே அவர் கவனம் முழுதும் இருந்தது. யானை எலும்புக்கூட்டின் முன் நான் கொஞ்சம் நின்றேன். மண்டை ஓட்டின் நடுவில் பெரிய ஓட்டை ஒன்று தெரிந்தது. அது கண்ணா, மூக்கா? கேட்க ஆள் இல்லை. துதிக்கை முளைக்கும் மூக்குத் துவாரம் அது என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இன்று அதே கூடத்தில் பிள்ளைகளுடன் நாங்கள் மிக மெதுவாக நடக்கிறோம். ஒரு காலைப் பொழுது முழுக்க இரண்டு எலும்புக்கூடுகளைத் தாண்டாத நாள்கள் உண்டு. திமிங்கிலத்தின் முன் வந்ததும், "எல்லாரும் வலது கையைத் தொட்டுப் பாருங்க" என்று ஆரம்பிப்போம். தோளிலிருந்து முழங்கை வரை எத்தனை எலும்பு? ஒன்று. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை? தடவிப் பார்த்து, கையைத் திருப்பிப் பார்த்து, இரண்டு என்று ஒரு பெண் கண்டுபிடிப்பாள். அப்புறம் மணிக்கட்டில் சின்னச் சின்ன எலும்புகள், அப்புறம் விரல்கள். இது எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகு, திமிங்கிலத் துடுப்பின் எலும்புகளை வரைந்த அட்டையை எடுத்து நீட்டுவோம். அதிலும் மேலே ஒன்று, கீழே இரண்டு, பிறகு சின்ன எலும்புகள், பிறகு விரல்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் துடுப்பு; உள்ளே ஒரு கை.

போன மழைக்காலத்தில் வந்த ஒரு பையன் அட்டையைக் கீழே வைக்காமல் எண்ணிக்கொண்டே இருந்தான். "அண்ணே, இதுல நாலு விரல்தான் இருக்கு. இன்னொண்ணு எங்க?" என்றான். நீலத் திமிங்கிலம் சேர்ந்த இந்தக் குடும்பத்தில் துடுப்புக்கு நான்கு விரல்கள்தான். பரிணாமப் போக்கில் ஒன்று மறைந்துவிட்டது. அதைச் சொன்னேன். உடனே அடுத்த கேள்வி: "அப்ப கால்?" இடுப்பெலும்பின் மிச்சமாக இரண்டு சின்ன எலும்புகள் உடலுக்குள் சதையில் புதைந்து கிடக்கும், முதுகெலும்போடு சேராது என்றேன். நிலத்தில் நாலு காலில் நடந்த விலங்குகள்தான் திமிங்கிலத்தின் மூதாதைகள் என்று நான் சொல்வதற்கு முன்பே அவன் சொல்லிவிட்டான். எண்பதுகளில் வரிசையில் நடந்த நாற்பது பேரிலும் இப்படிக் கேட்கக்கூடியவர்கள் இருந்திருப்பார்கள். எங்களை யாரும் நிற்க விடவில்லை.

கோளரங்கத்தின் கதை வேறு. அது 1988-இல் திறந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. குவிமாடத்தின் நடுவே ஜப்பானின் கோட்டோ நிறுவனம் செய்த கருவி. விளக்கு மெல்ல அணைந்து நட்சத்திரங்கள் எழுந்ததும் அரங்கம் முழுவதும் ஒரே நேரத்தில் "ஆ" என்றது. தமிழிலேயே விளக்கினார்கள். அறிவியலைத் தமிழில், ஒரு பெரிய குரலில், இருட்டில் உட்கார்ந்து கேட்டது அதுவே எனக்கு முதல் முறை. அந்த வகையில் எழும்பூர் மூடி வைத்திருந்த ஒன்றைக் கோட்டூர்புரம் முதல் நாளிலேயே திறந்துவிட்டது என்பேன்.

ஆனால் குவிமாடத்துக்கு வெளியே அன்று நிலைமை மோசம். 1980 பிப்ரவரி 16 சூரிய கிரகணத்தன்று எங்கள் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. சன்னலில் போர்வையைக் கட்டிவிட்டு அம்மா எங்களை உள்ளறையில் உட்கார வைத்தார். 1986-இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது அறிவியல் இயக்கத் தோழர்கள் ஊர் ஊராகப் போய்க் காட்டினார்கள். அன்றைக்குத் தொலைநோக்கி வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் அதைத் தாங்களே செய்தவர்கள். இரண்டு கண்ணாடி வட்டுகளுக்கு நடுவே கார்போரண்டம் தூளும் தண்ணீரும் விட்டு, வாரக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துக் குழியாடி எடுப்பார்கள். தேய்க்கும் சத்தம் பக்கத்து வீடு வரை கேட்கும். அப்படி ஒரு கண்ணாடியைச் செய்தவருக்கு அதன் வழியே தெரியும் நிலவு சொந்தப் பிள்ளை மாதிரி. அவர் காட்டும் விதமே தனி. இப்போது தன்னார்வலராக வரும் பிள்ளைகள் தொலைநோக்கியை ஆன்லைனில் வாங்குகிறார்கள், கைப்பேசியில் பொத்தானை அழுத்தினால் அதுவே கோளைத் தேடிப் பிடிக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கருவி செய்ய ஆன காலம் மிச்சமாகி, ஜனங்களோடு பேசுவதற்குக் கிடைத்திருக்கிறது.

2004-லும் 2012-லும் வெள்ளி மீண்டும் சூரியனைக் கடந்தது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பக்கமெல்லாம் கங்கண கிரகணம். சென்னையில் பகுதி கிரகணம். அன்று சூரிய வடிகட்டிக் கண்ணாடி வாங்க வரிசையில் நின்றவர்களில் கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள் இருந்தார்கள். போர்வை கட்டிய சன்னலிலிருந்து அந்த வரிசைக்கு நாற்பது ஆண்டில் வந்துவிட்டோம். அது தானாக நடக்கவில்லை. வெயிலில் நின்று ஒவ்வொருவரிடமும் "பயப்படாம பாருங்கம்மா, ஆனா இந்தக் கண்ணாடி இல்லாம பார்க்காதீங்க" என்று சொன்னவர்களால் நடந்தது.

வானம்தான் இன்று எங்களுக்கு எதிராக நிற்கிறது. மின்வெட்டு இரவுகளில் மொட்டை மாடியிலிருந்து சின்ன வயதில் நான் பார்த்த நட்சத்திரங்களில் பெரும்பாலானவை இன்று சென்னையில் கண்ணுக்குத் தெரிவதில்லை. பால்வீதியைக் குவிமாடத்துக்குள் மட்டுமே பார்த்த ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அதனால் இரண்டாம் சனிக்கிழமை மாலைகளில் விளக்கொளி மறைக்க முடியாதவற்றைத்தான் காட்டுகிறோம்: நிலவு, வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்கள், சனி.

2025-இன் கடைசி மாதங்களில் சனியைக் காட்டுவது சோதனையாக இருந்தது. வரிசையில் வெகுநேரம் நின்று வந்த பாட்டி ஒருவர் கண்ணை வைத்தார். "வளையம் இருக்கும்னாங்களே தம்பி, குச்சி குத்தின மாதிரில்ல இருக்கு" என்றார். அவர் கண்டது சரி. அந்த ஆண்டு சனியின் வளையம் நமக்குப் பக்கவாட்டாகத் திரும்பியிருந்தது. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுக்கு ஒரு முறை அப்படி ஆகும். இரண்டே முக்கால் லட்சம் கிலோமீட்டர் அகலமுள்ள வளையத்தின் கனம், பெரும்பகுதியில் சில பத்து மீட்டர்தான். விளிம்பு நம் பக்கம் திரும்பினால் மறைந்தே போகும். 1612-இல் கலிலியோவுக்கும் இதுவே நடந்தது. முன்பு பார்த்தது எங்கே போயிற்று என்று அவரே திகைத்தார். இதைச் சொன்னதும் பாட்டி இன்னொரு முறை பார்க்கக் கேட்டார். அதற்குள் பூமி சுழன்றதில் சனி காட்சியை விட்டு நகர்ந்திருந்தது. குழாயைக் கையால் தள்ளிப் பிடித்துக் கொடுத்தேன். வளையம் நன்றாக விரிந்து தெரிய 2032 ஆகும் என்றேன். "அப்ப பேரனைக் கூட்டிட்டு வரேன்" என்றார்.

திரையில் இதைவிட அழகான சனியை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். கருந்துளைப் படமும் கைப்பேசியில் இருக்கிறது. ஆனால் படம் பதில் சொல்லாது. அட்டையும் பதில் சொல்லாது. கேள்வி பிறக்கிற அந்த நொடியில் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அவருக்குத் தெரியாவிட்டால் "அடுத்த வாரம் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லி, சொன்னபடி வரவும் வேண்டும்.

எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. எழும்பூர்க் கூடத்தில் பேச எங்களை விடுகிறார்கள். உள்ளறை இன்னும் பொதுவாகத் தன்னார்வலர்களுக்குத் திறக்கவில்லை. இந்த மாதிரிப் பழைய சேகரிப்புகளில் மங்கிப்போன பெயரட்டையைப் படித்துப் பதிவு செய்யவும், சீசாக்களில் திரவம் குறைகிறதா என்று பார்த்துச் சொல்லவும், படமெடுத்துப் பட்டியலிடவும் ஆள்பலம் எப்போதும் வேண்டும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இந்த வேலைகளைத் தன்னார்வலர்கள் பயிற்சி பெற்றுச் செய்கிறார்கள். ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! பொருளைக் கொடுத்து இந்த இடத்தைத் தொடங்கிவைத்த ஊர் இது. வாரத்தில் அரை நாள் கொடுக்கவும் ஆயத்தமாகத்தான் இருக்கிறது. பயிற்சியும் ஒரு மேற்பார்வையாளரும் இருந்தால் போதும்.

புதிதாகச் சேர வருகிறவர்கள், "நான் சயின்ஸ் படிக்கலையே" என்று தயங்குவார்கள். எங்களோடு பல ஆண்டுகளாக நிற்கும் ஓர் அக்கா தையல் கடை வைத்திருப்பவர். நிலவின் குழிகளை அவரைப் போலத் தெளிவாகச் சொல்கிறவரை நான் பார்த்ததில்லை. வருகிறவர்களுக்கு முதல் மாலையில் மூன்று விஷயம் சொல்லிக் கொடுக்கிறோம். முழு நிலவன்று நிலவைக் காட்டாதே. பிறை நாளில் ஒளியும் நிழலும் சேரும் ஓரத்தைக் காட்டு, அங்கேதான் குழிகள் எழுந்து தெரியும். குள்ளமான பிள்ளைக்கு ஸ்டூல் போடு, தூக்கிப் பிடிக்காதே. தூக்கினால் பயத்தில் குழாயைப் பற்றிக்கொள்ளும், காட்சி ஓடிவிடும். கண்ணை வைத்தவரிடம் என்ன தெரிகிறது என்று நீ முதலில் கேள், அவர் சொல்லி முடிக்கும் வரை விளக்கத்தை ஆரம்பிக்காதே.