'லூனா' முதல் 'சந்தியாகு' வரை... பாப்பாவுக்கு ஸ்பானிஷ் பேர் தேடுறீங்களா?

வீட்டுக்கு ஒரு குட்டிப் பாப்பா வரப்போகுதுன்னு தெரிஞ்ச உடனே ஆரம்பிக்கிற வேலை, பேர் தேடுறது. கவரைப்பேட்டை ஸ்டேஷன்ல லோக்கல் ட்ரெயினுக்குக் காத்திருக்கிற பத்து நிமிஷத்துல 'ஸ்பானிஷ் பேபி நேம்ஸ்'னு போன்ல தட்டினா போதும். லூனா, மியா, மாட்டியோன்னு பெயர்கள் வந்து கொட்டும். சின்னதா, ஸ்டைலா, தெருவுல வேற யாருக்கும் இல்லாத மாதிரி இருக்கும்.

ஆனா அர்த்தம்? பல லிஸ்ட்ல எந்தப் பெயரைப் பார்த்தாலும் 'அழகு', 'இளவரசி', 'அதிர்ஷ்டம்'தான் சுத்திச் சுத்தி வருது. வாழ்நாள் முழுக்கக் கூப்பிடப்போற பெயரை அதை நம்பி வைக்கலாமா? உண்மையான அர்த்தத்தைப் பார்ப்போம். கூடவே ஒரு சர்ப்ரைஸும் இருக்கு.

வானமும் கடலும்

ஸ்பானிஷ், லத்தீனிலிருந்து பிறந்த மொழி. அதனால் நிறைய பெயர்கள் அன்றாடச் சொற்களாகவே இருக்கும். லூனா என்றால் நிலா. ஆல்பா என்றால் விடியல். எஸ்த்ரேயா என்றால் நட்சத்திரம். எஸ்பெரான்சா என்றால் நம்பிக்கை. மியா என்ற சொல்லுக்கு 'என்னுடையவள்' என்று பொருள். மரியாவைச் செல்லமாகச் சுருக்கியும் மியா என்பார்கள்.

மாட்டியோ எபிரேய மொழியிலிருந்து வந்தது. 'கடவுளின் பரிசு' என்று அர்த்தம். நம்ம ஊர் மத்தேயுவும் இதே பெயர்தான்.

ஃபெர்னாண்டோ, ரொட்ரிகோ இரண்டும் ஸ்பெயினை ஆண்ட விசிகோத் இனத்தாரின் ஜெர்மானிய மொழியிலிருந்து வந்தவை. முதல் பெயரில் பயணமும் துணிச்சலும், இரண்டாவதில் புகழும் வலிமையும் இருக்கின்றன.

காருக்கு முன்னாடி அது மாதா பெயர்

கத்தோலிக்க நாடான ஸ்பெயினில் மாதாவின் பட்டங்களையே பெண்களுக்குப் பெயராக வைப்பது பழைய வழக்கம். மெர்சிடஸ் என்றால் 'கருணைகள்'. எமில் யெல்லினெக் என்ற தொழிலதிபர் தன் மகளின் பெயரை டைம்லர் கார்களுக்கு வைத்ததால்தான் இன்று அதைக் கேட்டதும் நமக்குக் கார் ஞாபகம் வருகிறது.

டோலோரஸ் என்றால் 'துயரங்கள்'. மகனைப் பறிகொடுத்த மாதாவின் துயரம். கொன்செப்சியோன், பாவமின்றிக் கருவான மாதாவைக் குறிப்பது. ரொசாரியோ என்றால் செபமாலை. சொகோர்ரோ என்றால் உதவி.

இப்போ சர்ப்ரைஸுக்கு வருவோம். வியாகுலம், அமலோற்பவம், செபமாலை, சகாயம்... இந்தப் பெயர்களை எங்கேயாவது கேட்டிருக்கீங்கதானே? மேலே சொன்ன நாலு ஸ்பானிஷ் பெயர்களின் அதே அர்த்தம், அதே வரிசையில். டோலோரஸும் வியாகுல மேரியும் ஒரே பெயர்!

ஒரு ஸ்டேஷன் தள்ளி 500 வருஷக் கதை

இது எப்படி நடந்தது? கவரைப்பேட்டையிலிருந்து சென்னைப் பக்கம் அடுத்த ஸ்டேஷன் பொன்னேரி. அங்கே இறங்கிக் கிழக்கே போனால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கோட்டை கட்டுவதற்கு முன்பே போர்ச்சுகீசியர்கள் வந்து தங்கிய ஊர் அது. அங்குள்ள மகிமை மாதா ஆலயம் 1515-ல் தொடங்கியதாகச் சொல்வார்கள். போர்ச்சுகீசும் ஸ்பானிஷும் லத்தீன் வழி வந்த சகோதர மொழிகள். பல பெயர்கள் இரண்டுக்கும் பொது.

மயிலாப்பூர் லஸ் கார்னர் தெரியும்தானே? 'லூஸ்' என்றால் இரண்டு மொழிகளிலும் வெளிச்சம். அங்கே போர்ச்சுகீசியர்கள் கட்டிய மாதா கோயிலுக்குத் தமிழில் பிரகாச மாதா ஆலயம் என்று பெயர். அர்த்தம் அப்படியே தமிழுக்கு வந்துவிட்டது. பழைய ஒலி மட்டும் பஸ் ஸ்டாப்பில் தங்கிவிட்டது.

தெற்கே முத்துக்குளித்துறையில் 1530-களில் ஞானஸ்நானம் பெற்ற பரதவ மக்கள் போர்ச்சுகீசியப் பெயர்களை ஏற்றார்கள். தூத்துக்குடிப் பக்கம் இன்றும் இருக்கிற பர்னாந்துதான் அந்த ஃபெர்னாண்டோ. 1542-ல் அங்கே வந்த பிரான்சிஸ் சவேரியார், இன்றைய ஸ்பெயினின் நவாரா பகுதியில் பிறந்தவர். சேவியர் என்பது அவர் பிறந்த கோட்டையின் பெயர். பாஸ்க் மொழியில் 'புது வீடு' என்று பொருள். அதுதான் நம்மிடம் சவரிமுத்து, சவரியம்மாள் ஆனது.

ஸ்பெயினின் பாதுகாவலர் சந்தியாகோ. 'புனித யாக்கோபு' என்ற இரண்டு சொற்கள் ஒட்டிப்போய் உருவான பெயர். சிலி நாட்டின் தலைநகருக்கும் அதே பெயர். தமிழில் அது சந்தியாகு. ஆக, தாத்தா சந்தியாகு, அப்பா யாக்கோபு, பேரன் ஜேம்ஸ் என்று ஒரு வீட்டில் இருந்தால், மூணு பேருக்கும் ஒரே பெயர்!

நம்ம முன்னோர் வெளியூர்ப் பெயரை இரண்டு வழிகளில் எடுத்திருக்கிறார்கள். ஒன்று, நாக்குக்கு ஏற்ற மாதிரி ஒலியை மாற்றினார்கள். இன்னொன்று, அர்த்தத்தைத் தமிழில் வைத்தார்கள். 'லூனா' பிடிச்சிருந்தா அப்படியே வைக்கலாம். அந்த நிலவுதான் பிடிச்சதுன்னா நிலா, மதி, வெண்ணிலான்னு நம்மகிட்டயும் நிறைய இருக்கு.

இனிஷியல் அங்கேயும் உண்டா?

ஸ்பானியர்களுக்கு இனிஷியல் கிடையாது, இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. வழக்கமாக முதலில் அப்பா வழி, அடுத்து அம்மா வழி. எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் பெயரில் கார்சியா அப்பாவுடையது, மார்க்கேஸ் அம்மாவுடையது. பெயர் கடைசியில் 'எஸ்' என்று வருவது பெரும்பாலும் 'இன்னாரின் மகன்' என்பதைக் குறிக்கும்; ஃபெர்னாண்டோவின் மகன் ஃபெர்னாண்டஸ். அதனால் அதை முதல் பெயராகவோ பெண் குழந்தைக்கோ வைக்கும் முன் கொஞ்சம் யோசிங்க.

முடிவு பண்றதுக்கு முன்னாடி...

* தமிழில் சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்க. 'லூஸ்' என்றால் வெளிச்சம்தான். ஆனால் நம்ம ஸ்கூல் கிளாஸ்ரூமில் அந்தக் குழந்தையின் கதி? 'மார்' என்றால் அவர்களுக்குக் கடல், நமக்கு?

* ஆங்கில ஸ்பெல்லிங்கைக் கவனிங்க. ஸ்பானிஷில் 'ஜே' எழுத்துக்கு 'ஹ' போன்ற ஒலி; இரட்டை 'எல்' வந்தால் 'ய' ஒலி. நீங்க 'எஸ்த்ரேயா'ன்னு வைப்பீங்க, டீச்சர் 'எஸ்ட்ரெல்லா'ன்னு அட்டெண்டன்ஸ் எடுப்பாங்க. கும்மிடிப்பூண்டி சிப்காட் மாதிரி பல மாநிலத்துக்காரங்க சேர்ந்து வேலை பார்க்கிற இடத்துல, ஒரே பெயரை ஆளுக்கொரு மாதிரி படிப்பாங்க.

* அர்த்தத்தை ஸ்பானிஷ் அகராதியில் சரிபாருங்க. பேபி நேம் லிஸ்ட்டை மட்டும் நம்பாதீங்க.

* தாத்தா பாட்டியால கூப்பிட முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா அவங்களே வேற பேர் வெச்சிடுவாங்க. அப்படித்தான் சேவியர் சவரியானார்!

பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்துடுங்க. பெயர் முடிவாகலைன்னா பதற வேண்டாம். ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணம் கட்டணும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு ஸ்கூல் அட்மிஷன், பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். அதில் ஏறிய பெயரைச் சுலபமா மாத்த முடியாது. அதனால தமிழ், ஆங்கிலம் இரண்டு ஸ்பெல்லிங்கையும் ஒரு பேப்பர்ல எழுதி, வீட்டுல நாலு பேரைப் படிக்கச் சொல்லுங்க. நாலு பேரும் ஒரே மாதிரி படிச்சாங்கன்னா, அந்தப் பேர் ஓகே!