அல்ஜீப்ராவுக்குப் பயமேன்?

கணக்குப் புத்தகத்தில் 'காரணிப்படுத்துக' என்று பார்த்ததுமே நம்மில் பலர், "அப்பா வரட்டும், கேட்டுக்கோ" என்று அடுக்களைக்குள் நழுவிவிடுகிறோம். இதைக் கேட்டே வளரும் பெண்ணுக்கும், கணக்கு நமக்கில்லை என்று தோன்றிவிடுகிறது.

விஷயம் என்னவோ சின்னதுதான். 12-ஐ 3 × 4 என்று பிரிக்கிறோமில்லையா? அதையே எழுத்துக்களோடு செய்கிறோம். புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்றிருக்கும். எந்த எழுத்தானால் என்ன?

ஒரு முறுக்கின் விலை மு, ஒரு அதிரசத்தின் விலை அ. (மு என்றால் முறுக்கு என்றே சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். மு × மு வரும்போது குழந்தை திண்டாடும்!) 6 முறுக்கும் 9 அதிரசமும் வாங்கினால் 6மு + 9அ. 6, 9 இரண்டுமே 3-ஆல் வகுபடும். அந்த 3-ஐ வெளியே எடுத்தால் 3(2மு + 3அ). அதாவது, 2 முறுக்கும் 3 அதிரசமும் வைத்த மூன்று பொட்டலம். மொத்த விலை மாறாது.

அடுத்தது கொஞ்சம் யோசிக்க வேண்டியது: க² + 5க + 6. பெருக்கினால் 6, கூட்டினால் 5 வருகிற இரண்டு எண்கள் வேண்டும். 1, 6? கூட்டினால் 7 ஆகிவிடுகிறது. 2, 3? சரி! விடை (க + 2)(க + 3).

குழம்பு கொதிக்கிற நேரத்திலேயே இதைச் சரிபார்த்துவிடலாம். க இருக்குமிடத்தில் 10 போடுங்கள். கேள்வி 100 + 50 + 6 = 156. விடை 12 × 13, அதுவும் 156! பெண் (க + 1)(க + 6) என்று எழுதியிருந்தால் 11 × 16 = 176 என்று வந்து காட்டிக் கொடுத்துவிடும்.

க² − 5க + 6 என்பதை அவளையே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் 10 போட்டுப் பாருங்கள். 56 வர வேண்டும்.