சீட்டு கேட்கும் காடு

சென்ற ஆண்டு எங்கள் விலங்கியல் துறை மாணவர் இருபத்தெட்டுப் பேர் களப்பயணம் சென்றோம். மலையடிவாரச் சாவடியில் எங்களை நிறுத்திவிட்டார்கள். கொண்டு சென்ற அனுமதிக் கடிதத்தில் தேதி இல்லையாம்! இரண்டு மணி நேரம் புளியமர நிழலில் காத்திருந்தோம். "காட்டைப் பார்க்கவும் சீட்டா?" என்று உரக்க முணுமுணுத்தவர்களுள் நானும் ஒருத்தி. அப்போது எங்கள் பேராசிரியர் சொல்லத் தொடங்கியதுதான் வைட்டம் காட்டின் கதை. ஊர் திரும்பியபின் நூலகத்தில் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். (ஆங்கில எழுத்தைப் பார்த்து நான் 'வித்தம்' என்று படித்து, பேராசிரியரின் சிரிப்புக்கு ஆளானேன்.)

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரின் மேற்கே, தேம்ஸ் ஆறு வளைந்தோடும் இடத்தில் ஏறத்தாழ 1,000 ஏக்கர் பரப்பில் இக்காடு உள்ளது. இதன் உரிமையாளர் அரசன்று, பல்கலைக்கழகம். ரேமண்ட் ஃபெனல் என்னும் செல்வர், இளவயதில் இறந்த தம் மகள் ஹேசலின் நினைவாக 1942இல் இதனைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். காட்டைப் பேணிக் காக்க வேண்டும், கல்விக்கும் ஆய்வுக்கும் பயன்படுத்த வேண்டும், நகர மக்களும் அங்கே உலவ இடம் தர வேண்டும் என்பது அவர் விருப்பம். சிக்கலே இங்குதான்! ஆய்வாளருக்குத் தேவை அமைதி. உலவ வருபவருக்குத் தேவை திறந்த வழி. இரண்டையும் ஒரே காடு எப்படித் தாங்கும்?

அங்கே நடக்கும் ஆய்வு எத்தகையது என்று அறிந்தால்தான் சீட்டின் பொருள் விளங்கும். 1947இல் டேவிட் லாக் என்னும் அறிஞர் பட்டாணிக்குருவிகளுக்கு மரப்பெட்டிகளைக் கூடாக வைத்து ஆராயத் தொடங்கினார். நம் மலைக்காடுகளில் காணும் பட்டாணிக்குருவிக்கு அது நெருங்கிய உறவு. இன்று பெட்டிகள் ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. குஞ்சுகளின் காலில் வளையமும் உண்டு. பாட்டி, தாய், மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வளர்ந்து வருகிறது. வெப்பம் ஏறியதால் 1960களைவிட ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாகவே இக்குருவிகள் முட்டையிடுகின்றன என்று உலகம் அறிந்தது இந்தக் கணக்கினால்தான்.

இன்னொன்று. 1950 முதல் 1968 வரை வார்லி, கிராட்வெல் என்னும் இருவர் ஐந்தே ஐந்து ஓக் மரங்களின் அடியில் தட்டுகளை வைத்து, மண்ணில் புழுக்கூடாகப் புதைய இறங்கும் அந்துப்பூச்சிப் புழுக்களை ஆண்டுதோறும் எண்ணினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர் ஒருவர் அறியாமல் ஒரு தட்டைக் காலால் இடறியிருந்தால்? அந்த ஆண்டின் எண்ணிக்கையில் ஓட்டை விழுந்திருக்கும். அதைப் பின்னர் எவராலும் அடைக்க முடியாது. சென்ற வசந்தத்தைத் திரும்ப அழைப்பார் யார்?

ஆகவே பல்கலைக்கழகம் கதவைப் பூட்டவில்லை, சீட்டு வைத்தது. உலவ விரும்புவோருக்குப் பல்லாண்டுகளாகக் கட்டணமின்றியே அதை வழங்கி வந்திருக்கிறது. நாய் கூடாது, மிதிவண்டி கூடாது, பாதையை விட்டு விலகக் கூடாது, பெட்டிகளையும் கருவிகளையும் தொடக்கூடாது என்பன போன்ற விதிகளை ஏற்றே சீட்டுப் பெற வேண்டும். நாய் பாவம், என்ன செய்தது என்று எனக்கும் தோன்றிற்று. ஆனால் தரையில் கூடு கட்டும் பறவைக்கு அதுவும் ஓர் ஓநாய்தானே! பாதை விதிக்கும் காரணம் உண்டு. வசந்தத்தில் காடெங்கும் நீலமணிப் பூக்கள் கம்பளம் விரிக்கும். படம் பிடிக்கும் ஆவலில் உள்ளே கால் வைத்தால் இலைகள் நசுங்கிவிடும். இலை நசுங்கினால் கிழங்குக்கு உணவு சேராது. அவ்விடம் தேற ஆண்டுகள் பல ஆகும்.

ஆயிரம் ஏக்கருக்கும் காவல் போடுவது எவராலும் இயலாது. சீட்டில்லாமல் நுழைபவரும் இருக்கத்தான் செய்வார்கள். என்றாலும், கையெழுத்திட்டு வாங்கியவர் விதியைப் படித்தவராகிறார். பெட்டியைக் கண்டால் அது என்னவென்று அறிவார். சீட்டின் பயன் பாதி இதுவே என்பது என் எண்ணம்.

இவ்வாண்டுக் களப்பயணத்துக்குக் கடிதம் எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தேதியை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன்.