கமக்காரரின் கெப் வண்டியும் அதன் காவலும்



மண்வெட்டியும் கலப்பையும் எவ்வாறு கமக்காரரின் கருவிகளோ, அவ்வாறே இக்காலத்தில் கெப் வண்டியும் ஒரு கருவியாகிவிட்டது. பிக்கப் என்றும் கெப் என்றும் நாம் அழைக்கும் இவ்வண்டியே விதைநெல்லையும் உரமூடைகளையும் வயலுக்குக் கொண்டு செல்கிறது. எம்பிலிப்பிட்டியப் பகுதி நெல்லை ஆலைக்கு ஏற்றிச் செல்வதும் இதுவே. பலாங்கொடை, பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை முதலிய இடங்களில் விளையும் போஞ்சி, கத்தரி, வெண்டி, பயற்றங்காய் ஆகியவற்றை எம்பிலிப்பிட்டியப் பொருளாதார மத்திய நிலையத்துக்கோ, ஏ-4 வீதி வழியே பேலியகொடையில் இயங்கும் மெனிங் சந்தைக்கோ விடியுமுன் கொண்டு சேர்ப்பதும் இதுவே.

இத்தகைய வண்டி ஓர் இரவில் காணாமற் போகுமாயின் நேரும் இழப்பு வண்டியின் விலையோடு முடிவதன்று. பறித்த காய் வண்டி கிடைக்கும் வரை காத்திராது. அதனைக் கொல்லை வாயிலில் வந்து கேட்பவர் சொன்ன விலைக்கே கொடுக்க நேரும். கடன் வாங்கிய வண்டியாயின், வண்டி போன பின்னரும் மாதத் தவணை நில்லாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி படிப்படியாகவே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. இவ்விடைக்காலத்தில் பழைய வண்டிகளின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் பெரிதும் ஏறின. பழைய வண்டிதானே, இதனை யார் தொடுவார் என்னும் எண்ணம் இன்று பொருந்தாது. முழு வண்டியாக விற்க இயலாததைப் பிரித்துப் பாகங்களாக விற்கலாம் என்பதைத் திருடன் நன்கறிவான்.

திருடன் எதனைத் தேடுகிறான்?

காட்டுப்பன்றி வேலி முழுவதையும் முட்டிப் பார்ப்பதில்லை; எங்கே இடைவெளி உண்டோ அங்கேயே நுழைகிறது. வண்டித் திருடனின் இயல்பும் இதுவே. வரிசையாக நிற்கும் வண்டிகளுள் எதனை விரைவாகவும் ஓசையின்றியும் எடுக்க முடியுமோ அதனையே அவன் தெரிவு செய்கிறான்.

இதற்கு உலக அனுபவம் சான்று பகர்கிறது. 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியில், புதிய வண்டி பழைய வண்டி என்ற வேறுபாடின்றி, எல்லாக் கார்களுக்கும் சுக்கானைப் பூட்டும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. அங்கு வண்டித் திருட்டு வெகுவாகக் குறைந்தது. பிரித்தானியாவிலோ 1971 முதல் புதிய கார்களுக்கு மட்டுமே இவ்வமைப்பு பொருத்தப்பட்டது. புதிய வண்டிகள் தப்பின. ஆனால் திருடர் பூட்டில்லாத பழைய வண்டிகளை நாடினர். நமக்கு இதிலுள்ள பாடம் தெளிவானது. புதிய வண்டிகள் மேன்மேலும் காவல் பெற்றுவரும் காலத்தில், காவலற்ற பழைய வண்டியே திருடனின் கண்ணில் முதலிற் படும். கமக்காரரிடம் உள்ளவை பெரும்பாலும் பழைய வண்டிகளே. ஆகையால் நாமே அவற்றுக்குக் காவல் செய்தல் வேண்டும்.

செலவில்லாக் காவல்

முதற் காவல் பழக்கமே. தேநீர் அருந்தவோ, மூடை ஏற்றவோ இறங்கும்போது எஞ்சினை ஓடவிட்டுச் செல்லுதல் கூடாது. சாவியை எடுத்தபின் சுக்கானைச் சிறிது திருப்பி, அது பூட்டிக்கொள்ளும் ஓசை கேட்ட பின்னரே வண்டியை விட்டு நீங்க வேண்டும். கண்ணாடிகளை முற்றாக ஏற்றிவிட வேண்டும். மாற்றுச் சாவியைச் சில்லின் மேலோ, தட்டின் அடியிலோ ஒளித்து வைத்தல் பலருக்குள்ள வழக்கம். அவ்விடங்களைத் திருடனும் அறிவான்.

கைத்தொலைபேசி, பணப்பை, தெளிகருவி, சங்கிலி வாள் ஆகியவற்றைக் கண்ணாடி வழியே தெரியும்படி விடாதீர்கள். உள்ளே ஒன்றுமில்லை என்பது வெளியிலிருந்தே தெரியுமாயின் கண்ணாடி உடைபடாது தப்பும்.

நிறுத்தும் இடமும் முறையும் முக்கியமானவை. நமது மாவட்டம் மலைச்சரிவு மிக்கது. சரிவை நோக்கி நிறுத்திய வண்டியைச் சாவியின்றியே உருளவிட்டு நெடுந்தூரம் கொண்டு செல்லலாம். ஆதலின் வண்டியின் முகம் சுவரையோ மண்திட்டையோ மேட்டையோ நோக்கியிருக்குமாறு நிறுத்தி, கியரிட்டு, கைத்தடையை இழுத்துவிடுதல் நன்று. முகப்பு சுவரை ஒட்டியிருப்பின் பற்றரியைத் திருடுவதும் கடினமாகும். தோட்டங்களில் லயத்துக்குத் தொலைவாக, வீதியோரத்தில் வண்டியைத் தனித்து விடுவதைக் காட்டிலும், அயலவர் இருவர் மூவர் ஒரே வெளிச்சமான இடத்தில் வண்டிகளைச் சேர்த்து நிறுத்துதல் மேலானது. ஒருவரது நாய் குரைத்தால் மூவரும் விழிப்பர்.

சிறு செலவில் பெரும் காவல்

சுக்கானில் குறுக்காக மாட்டும் இரும்புப் பூட்டுக் கோல், கியர்த் தண்டைப் பூட்டும் கருவி, சில்லைக் கவ்வும் பூட்டு ஆகியவை வெளியே தெரியும் காவல்கள். இவற்றை அறுக்க முடியாது என்பதில்லை. ஆயினும் அறுப்பதற்கு நேரமும் ஓசையும் வேண்டும். அவ்விரண்டையுமே திருடன் அஞ்சுகிறான்.

வெளியே தெரியாத காவல், மறைவான மின்தடைச் சாவியாகும். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. ஆகவே ஸ்டார்ட்டருக்குச் செல்லும் மின்னோட்டத்தை மட்டும் தடுப்பது போதாது. சரிவில் உருளவிட்டு, கியரை இட்டு எஞ்சினை எழுப்பிவிடலாம். டீசல் பம்பில் எரிபொருளைத் திறந்து மூடும் மின்வால்வு உள்ள வண்டியாயின், அவ்வால்வுக்குச் செல்லும் கம்பியிலும் தடைச்சாவி இருத்தல் வேண்டும். டீசல் வராவிடின் உருட்டினாலும் எஞ்சின் எழாது. இவ்வேலையை அனுபவமுள்ள மோட்டார் மின்வேலையாளரைக் கொண்டே செய்வியுங்கள். அரைகுறையாக முறுக்கிய கம்பி மலைப்பாதையில் கழன்றால் எஞ்சின் நின்றுவிடும். அப்போது சுக்கானும் தடையும் கடினமாகி விபத்து நேரலாம்.

சாவியினுள் அடங்கிய மின்குறியை அறிந்தாலன்றி எஞ்சினை எழவிடாத அமைப்பு ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாயிற்று. உங்கள் வண்டியில் அது உண்டா என விற்றவரிடமோ கராஜிலோ கேட்டறியுங்கள். பழைய வண்டியை வாங்கும்போது சாவிகள் எல்லாவற்றையும் கேட்டுப் பெறுங்கள். ஒன்று குறைந்தாலும் பூட்டை மாற்றிவிடுதல் நன்று.

வண்டி இருக்கும் இடத்தைக் கைத்தொலைபேசியில் காட்டும் ஜி.பி.எஸ். கருவியும் இப்போது கிடைக்கிறது. அதனை எளிதிற் காணாத இடத்தில் பொருத்த வேண்டும். வண்டியின் பற்றரியைக் கழற்றினாலும் சிறிது நேரம் இயங்கும் உள்மின்கலம் உள்ளதாகத் தெரிந்தெடுங்கள். தொலைபேசி அலை எட்டாத மலைமடிப்புகளில் அது செய்தி அனுப்பாது. ஆகவே அது பூட்டுக்குத் துணையேயன்றிப் பூட்டுக்குப் பதிலாகாது.

பாகங்களின் காவல்

முழு வண்டியைக் காட்டிலும் அதன் பாகங்களே எளிதில் களவு போகின்றன. மேலதிகச் சில்லு தட்டின் அடியில் தொங்குமாயின், அதனைத் தடித்த சங்கிலியால் அடிச்சட்டத்தோடு பிணைத்து ஆமைப்பூட்டு இடுங்கள். பின்கதவு தூக்கிக் கழற்றக்கூடியதாயின் அதன் கீலில் இரும்புப் பட்டையிட்டு இறுக்குங்கள். பற்றரிக்கு இரும்புச் சட்டமும் பூட்டும் செய்வியுங்கள். டீசல் தாங்கிக்குப் பூட்டுள்ள மூடி இடுங்கள். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று பெற்ற டீசலின் அருமையை நாம் மறக்கவில்லை.

தட்டில் ஏற்றிய நீரிறைக்கும் இயந்திரத்தையும் தெளிகருவியையும் உரமூடைகளையும் இரவில் வண்டியிலேயே விடாமல் இறக்கி உள்ளே வையுங்கள். வழியில் விட நேர்ந்தால் படங்கால் மூடிக் கயிறு கட்டுவதோடு, இயந்திரத்தைத் தட்டின் வளையத்தோடு சங்கிலியிட்டுப் பூட்டுங்கள்.

எல்லாக் கண்ணாடிகளிலும் வண்டியின் பதிவிலக்கத்தைப் பொறித்து வைத்தல் சிறந்த உபாயம். இயந்திரங்களிலும் கருவிகளிலும் உங்கள் அடையாளத்தை உளியாலோ நிலையான மையாலோ இட்டு வையுங்கள். அடையாளமுள்ள பொருளை வாங்குவோர் குறைவு. களவுப் பொருளென அறிந்து வாங்குதல் சட்டப்படி குற்றமாகும். குறைந்த விலைக்கு வந்த பற்றரியையோ சில்லையோ கேள்வியின்றி வாங்குவோர் அடுத்த களவுக்குக் கூலி கொடுப்போரே.

நம்பிக்கையின் காவல்

வேலியே பயிரை மேய்வதும் உண்டு. வண்டியை நாள் வாடகைக்குப் பெற்றுச் சென்று, போலிப் பத்திரங்களைக் காட்டி வேறொருவரிடம் அடகு வைத்துவிடும் மோசடிகள் நம் நாட்டில் நடந்துள்ளன. வாடகைக்குக் கொடுக்கும்போது பெறுபவரின் தேசிய அடையாள அட்டையையும் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் நேரிற் கண்டு படியெடுத்து, எழுத்து மூல ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அறியாதவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னர் அவரைத் தேடி அலைவதிலும், கொடுக்காதிருத்தல் நன்று.

பத்திரங்களும் காப்புறுதியும்

பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதியை வண்டியில் வைத்தல் ஆகாது. அது களவு போனால் திருடன் வண்டியை விற்பதற்கு நாமே வழி செய்தவராவோம். வருவாய் அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ் போன்று வண்டியில் இருக்க வேண்டியவை மட்டும் அங்கு இருக்கட்டும். பதிவிலக்கம், எஞ்சின் இலக்கம், அடிச்சட்ட இலக்கம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வண்டியின் நாற்புறப் படங்களோடு வீட்டில் வையுங்கள். பெயர் மாற்றாமல் வாங்கிய வண்டியாயின், தாமதமின்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிறர் பெயரில் உள்ள வண்டிக்கு உரிமை கோருவது இடர் மிக்கது.

சட்டம் கட்டாயமாக்கும் மூன்றாந் தரப்புக் காப்புறுதி, நம் வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்கே ஈடு செய்யும். வண்டி களவு போனால் அதனால் ஒரு சதமேனும் கிடையாது. களவுக்கும் ஈடு தரும் முழுமையான காப்புறுதியைப் பற்றி விசாரியுங்கள். பத்திரத்தைப் பெறும்போதே, எந்நிலையில் இழப்பீடு மறுக்கப்படும் என்பதையும் படிப்பித்துக் கேளுங்கள். சாவியை வண்டியிலேயே விட்டிருந்தால் என்ன ஆகும் என்பது முதற் கேள்வியாக இருக்கட்டும்.

செய்யத் தகாதன

திருடனைப் பிடிக்கும் நோக்கத்தோடு வேலியிலோ வண்டியிலோ மின்சாரம் பாய்ச்சுதல் சட்டவிரோதம். அது உயிர்க்கொலையாகவும் முடியும். இரவில் எழுந்து செல்லும் நம் பிள்ளையோ, அயலவரோ, கால்நடையோ முதலில் மாளக்கூடும். திருடனைக் கண்டால் தனியே எதிர்த்து நிற்கவும் வேண்டா, துரத்தவும் வேண்டா. விளக்கைப் போட்டு, குரல் எழுப்பி, அயலவரைக் கூட்டுங்கள். வண்டியை மீட்கலாம், உயிரை மீட்க இயலாது.

களவு நேர்ந்தால்

உடனே 119 என்னும் பொலிஸ் அவசர இலக்கத்துக்கு அறிவித்து, அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். எழுதி வைத்த மூன்று இலக்கங்களையும் படங்களையும் கொடுங்கள். முதல் மணி நேரத்தில் வண்டி இன்னும் வீதியிலேயே இருக்கும்; மறுநாள் அது பாகங்களாகப் பிரிந்திருக்கலாம். கண்ணாடி உடைக்கப்பட்டிருந்தால், பொலிசார் பார்க்கும் வரை கதவுகளைத் தொடாதீர்கள், விரலடையாளம் அழியும். ஜி.பி.எஸ். கருவி இடத்தைக் காட்டினாலும் நீங்கள் தனியே அங்கு செல்லாது பொலிசாரிடம் தெரிவியுங்கள். பின்னர் காப்புறுதி நிறுவனத்துக்கும், கடன் தந்த நிறுவனத்துக்கும் அன்றே அறிவியுங்கள். பணம் தந்தால் வண்டியைத் தருவதாக எவரேனும் தொலைபேசியில் கூறினால், பணம் அனுப்பாமல் அவ்விலக்கத்தைப் பொலிசாரிடம் ஒப்படையுங்கள்.

முடிவாக

எவராலும் திருட முடியாத வண்டி என்று ஒன்று இல்லை. ஆயினும் திருடன் வெறுத்து ஒதுக்கும் வண்டியாக நம் வண்டியை ஆக்குதல் நம் கையில் உள்ளது. பயிரிட்ட பின் வேலி கட்டுவோமா? விதைக்கு முன்னரே கட்டுகிறோம். அவ்வாறே அறுவடையும் சந்தைப் பயணமும் மிகும் காலம் வருமுன், இவ்வாரத்திலேயே ஒரு நாளை ஒதுக்குங்கள். சுக்கான் பூட்டைச் சோதியுங்கள். மேலதிகச் சில்லுக்குச் சங்கிலியிடுங்கள். இலக்கங்களை எழுதி வையுங்கள். இம்மூன்றுக்கும் அரைநாள் போதும். அந்த அரைநாள் ஒரு போகத்தின் உழைப்பைக் காக்கும்.