நிலத்தில் மறைந்த புதையல்

2000-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள், அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களையும் குறிப்பேட்டையும் ஒளித்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அறிவித்தார். 'ஜியோகேச்சிங்' என்னும் புதையல் விளையாட்டு இவ்வாறே பிறந்தது. சில புதையல்களின் இருப்பிடம் புதிரை விடுவித்தால்தான் புலப்படும். ஒன்றை எடுப்பவர் அதற்கு ஈடானதையோ மேலானதையோ வைத்துவிட்டு வரவேண்டும் என்பது விதி.

மேலூர் அருகேயுள்ள அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள். சமணர் படுகைகளும் தமிழிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் கொண்ட அப்பகுதியை, 2022-இல் தமிழக அரசு தனது முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2024-இல் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலம் விடப்பட்டது. மக்கள் திரண்டு மறுத்தனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. மண்ணுக்கடியில் இருந்ததையன்று, மண்மேல் இருந்ததையே அவர்கள் செல்வமெனக் கண்டனர்.

ஆண்டவர் உரைத்த உவமையிலும், புதையலைக் கண்டவன் அதை எடுத்துக்கொண்டு ஓடிவிடவில்லை. தனக்குள்ள யாவற்றையும் விற்று அந்நிலத்தையே வாங்கினான்.

பரவைப் பெற்றோர்களே, விடுமுறையில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள். பெட்டி எதுவும் ஒளிக்கவேண்டாம். கல்வெட்டு எங்கே, வல்லூறு வட்டமிடுவது எங்கே, சுனைநீர் எங்கே எனப் புதிர் போடுங்கள். கண்டதை அவர்கள் குறிப்பேட்டில் எழுதட்டும். திரும்பும்போது அங்கு கிடக்கும் குப்பையை மட்டும் எடுத்து வாருங்கள்.