ஹாட்விக் மாளிகையின் கட்டடக்கலை

இங்கிலாந்தின் டார்பிசயர் பகுதியிலுள்ள ஹாட்விக் மாளிகை 1590 – 1597 காலப்பகுதியில் கட்டப்பட்டது. கட்டுவித்தவர் ஷ்ரூஸ்பரி சீமாட்டியான எலிசபெத் ஆவார். (இவரை முதலாம் எலிசபெத் அரசியுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வரைபடத்தைத் தயாரித்தவர் றொபேட் ஸ்மித்சன் எனக் கருதப்படுகின்றது.

ஆறு கோபுரங்களைப் படத்திற் கண்டதும் இதனைக் கோட்டை என எழுதும் மாணவர் பலர். இது தவறாகும். பகைவரைத் தடுக்க வேண்டிய கோட்டையில் சுவர் தடிப்பாகவும் யன்னல் சிறிதாகவும் இருக்கும். ஹாட்விக்கின் முகப்பிலோ பெரும்பகுதி கண்ணாடி யன்னல்களே. அக்காலத்தில் கண்ணாடி விலையுயர்ந்த பொருள். எனவே பெரிய யன்னல் உரிமையாளரின் செல்வத்தை ஊருக்குக் காட்டியது.

இத்தனை யன்னல்களுக்கு இடம் கிடைத்தது எவ்வாறு? கணப்படுப்புகளும் புகைபோக்கிகளும் உட்சுவர்களில் அமைக்கப்பட்டன. இதனால் வெளிச்சுவர் பலவீனமடையாமல் பெரிய யன்னல்களை வைக்க முடிந்தது. விடையில் பலர் தவறவிடும் குறிப்பு இதுவே. கண்ணாடியூடாக வந்த குளிரை மட்டும் தவிர்க்க முடியவில்லை; சுவர்களில் தடித்த சித்திரத் திரைகள் தொங்கவிடப்பட்டன.

மாளிகை மூன்று தளங்களைக் கொண்டது. மேலே செல்லச் செல்ல அறைகளும் யன்னல்களும் உயரமாகின்றன. கீழ்த்தளம் பெரும்பாலும் பணியாளருக்கும் நடுத்தளம் குடும்பத்தினருக்கும் உரியன. உயர்குடி விருந்தினரை வரவேற்கும் மண்டபமும் ஏறக்குறைய 50 மீற்றர் நீளமான நெடுங்கூடமும் மேல்தளத்தில் உள்ளன. ஆகவே, உள்ளே நுழையாமலே யன்னல்களின் உயரத்தைக் கொண்டு எத்தளம் யாருக்குரியது எனக் கூறலாம்.

இடமும் வலமும் ஒத்த முகப்பு மறுமலர்ச்சிக்காலச் செல்வாக்கைக் காட்டுகின்றது. கோபுர உச்சிகளிலோ சீமாட்டியின் பெயர், பட்டம் ஆகியவற்றின் முதலெழுத்துகள் கல்லில் பெரிதாக நிற்கின்றன.